இரண்டு டாலர் பதின்மூன்று சென்ட்

அமெரிக்க உணவகத்தில் சாப்பிட்டு முடித்ததும் சின்னதாக ஒரு காகிதம் மேசைக்கு வரும். சாப்பாட்டு விலையும் விற்பனை வரியும் சேர்ந்த தொகை மேலே அச்சாகியிருக்கும். அடியில் ‘மொத்தம்’ என்ற சொல்லும் அதன் எதிரே வெற்றிடமும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ‘டிப்’ என்று ஒரு கோடு. பேனாவைக் கையில் பிடித்தபடி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்த அனுபவம், அந்த நாட்டுக்குப் புதிதாகப் போன பெரும்பாலோருக்கு உண்டு. மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போயிருக்கும் பெற்றோர் என்றால் வாய்விட்டே கேட்டுவிடுவார்கள்: “சாப்பாட்டுக்குத்தான் காசு கொடுத்தாயிற்றே, இது எதற்கு? அதுவும் ஐந்தில் ஒரு பங்கா?”

“இங்கே அப்படித்தான் அம்மா” என்று பிள்ளைகள் பேச்சை முடித்துவிடுவார்கள். அப்படித்தான் என்பது உண்மைதான். ஏன் அப்படி என்று தேடிப் போனால், மேசை நாகரிகத்தைப் பற்றிய புத்தகங்கள் அதிகம் உதவாது. தொழிலாளர் சட்டத்தைப் புரட்ட வேண்டும். அங்கே 2.13 என்று ஓர் எண் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் டிப்ஸ் பற்றிய மற்ற வழக்கங்களில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

அமெரிக்கக் கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலையிலிருந்து அது மாறவில்லை. ஆனால் மாதம் 30 டாலருக்கு மேல் வழக்கமாக டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி தன் கையிலிருந்து 2.13 டாலர் கொடுத்தால் போதும். மீதி 5.12 டாலரை டிப்ஸ் ஈடுகட்டும் என்பது சட்டத்தின் கணக்கு. ஊதியத்தில் முதலாளி இப்படிக் கழித்துக்கொள்ளும் தொகையை டிப்ஸ் கழிவு என்று சொல்லலாம். டிப்ஸும் 2.13 டாலரும் சேர்ந்தும் மணிக்கு 7.25 எட்டவில்லை என்றால், குறையும் தொகையை முதலாளி போட்டுக் கொடுக்க வேண்டும். காகிதத்தில் யாருக்கும் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகாது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். டெக்சாஸில் பரிமாறும் வேலை பார்க்கும் ஒரு பெண் வாரத்துக்கு 30 மணி நேரம் உழைக்கிறார். முதலாளி தருவது 63.90 டாலர். குறைந்தபட்ச ஊதியப்படி அவருக்கு வர வேண்டியது 217.50 டாலர். அந்த வாரம் அவருக்கு 400 டாலர் டிப்ஸ் வந்தது என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்கள் அந்த 400 டாலரையும் அந்தப் பெண்ணுக்கு அளித்த அன்பளிப்பாகவே நினைக்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் கதை வேறு. டிப்ஸ் என்ற வழக்கமே இல்லாதிருந்தால் முதலாளி இன்னும் 153.60 டாலர் கொடுத்திருக்க வேண்டும். ஆகவே முதல் 153.60 டாலர் வரைக்கும் வாடிக்கையாளர் காப்பாற்றுவது முதலாளியின் பணப்பெட்டியை. அதற்கு மேல் விழும் காசுதான் அந்தப் பெண்ணுக்கு உண்மையான கூடுதல் வருமானம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. டிப்ஸும் வருமானம் என்பதால் அதற்கும் சமூகப் பாதுகாப்பு வரி, மருத்துவக் காப்பீட்டு வரி எல்லாம் பிடிக்கப்படும். பிடிக்கப்படும் இடம் அந்த 63.90 டாலர்தான். வரிகள் போக, சம்பளக் காசோலையில் சில டாலர்களோ சுத்தமாகப் பூஜ்யமோ மிஞ்சுவது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி. மாதச் சம்பளம் வாங்கிப் பழகிய நமக்கு, பூஜ்யம் என்று அச்சடித்த காசோலையை நினைத்துப் பார்க்கவே சிரமமாக இருக்கிறது.

இந்த 2.13 எங்கிருந்து வந்தது? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

டிப்ஸ் அமெரிக்கர்கள் கண்டுபிடித்தது அல்ல. உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போய்வந்த பணக்காரர்கள் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். பிரபுக்கள் வேலைக்காரர்களுக்குச் சில்லறை வீசும் வழக்கம் அது. ‘விரைவான சேவையை உறுதிசெய்ய’ என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து ‘டிப்’ ஆயிற்று என்று ஒரு கதை உலவுகிறது. அது பின்னாளில் கட்டியது. முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் ஆக்கும் பழக்கம் பரவுவதற்கு வெகுகாலம் முன்பே அந்தச் சொல் புழக்கத்தில் இருந்தது.

அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் அதே காலத்தில் வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் திறந்த கதவுகள் சில மட்டுமே: உணவகம், விடுதி, ரயில். ஜார்ஜ் புல்மன் என்ற தொழிலதிபர் 1867-இல் தொடங்கிய நிறுவனம், படுக்கை வசதி கொண்ட ரயில் பெட்டிகளை நாடெங்கும் ஓட்டியது. பயணிகளுக்கு ஏவல் செய்ய அது பெரும்பாலும் கறுப்பின ஆண்களையே அமர்த்தியது. சொற்பச் சம்பளம், மீதிக்கு டிப்ஸ். பயணிகள் அவர்கள் எல்லோரையும் முதலாளியின் பெயராலேயே ‘ஜார்ஜ்’ என்று அழைத்தார்கள். ஒரு காலத்தில் அடிமையை அவனுடைய எஜமானின் பெயரால் அழைத்ததைப் போல. அந்த ஊழியர்கள் 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்தார்கள். நிறுவனத்தோடு முறையான ஒப்பந்தம் கையெழுத்தாக 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

டிப்ஸுக்கு எதிர்ப்பே இருக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். சக மனிதனைக் கை நீட்ட வைக்கும் பழக்கம் குடியரசுக்கு இழுக்கு என்று அந்தக் காலத்து அமெரிக்கர்கள் பலர் கொதித்தார்கள். 1909-இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸைத் தடை செய்து சட்டமே போட்டது. மிசிசிப்பி, ஆர்கன்சா, அயோவா, தென் கரோலினா, டென்னசி ஆகியவையும் பின்தொடர்ந்தன. கொடுத்தாலும் குற்றம், வாங்கினாலும் குற்றம். யாரும் மதிக்காத சட்டங்களாக அவை கிடந்து 1926-க்குள் எல்லாமே ஏட்டிலிருந்து மறைந்தன. இன்று டிப்ஸை அமெரிக்கப் பண்பாட்டின் பிரிக்க முடியாத அங்கம் என்று பேசுபவர்கள், அதை அமெரிக்கத்தன்மைக்கே எதிரானது என்று அவர்களுடைய கொள்ளுத்தாத்தாக்கள் திட்டியதை அறிந்திருக்க மாட்டார்கள்.

1938-இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட தொழிலாளர் சட்டம் நாட்டுக்கு முதன்முதலாகக் குறைந்தபட்ச ஊதியத்தைத் தந்தது. மணிக்கு 25 சென்ட். உணவக ஊழியர்களும் விடுதி ஊழியர்களும் அதற்கு வெளியே விடப்பட்டார்கள். அவர்களை உள்ளே சேர்க்க 1966 வரை ஆயிற்று. அப்போதும் ஒரு நிபந்தனையோடுதான் சேர்த்தார்கள். குறைந்தபட்ச ஊதியத்தில் பாதி வரை டிப்ஸ் என்ற பெயரில் முதலாளி கழித்துக்கொள்ளலாம் என்பதே அந்த நிபந்தனை. பிறகு அந்தப் பங்கு சற்றுக் குறைந்தும் கூடியும் போய், 1991-இல் மீண்டும் பாதியில் வந்து நின்றது. அப்போது குறைந்தபட்ச ஊதியம் 4.25 டாலர். அதில் சரிபாதியை முழுமையாக்கினால் 2.13.

உண்மையான திருப்பம் 1996-இல் நடந்தது. அந்த ஆண்டு குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தி ஒரு சட்டம் வந்தது. அதே சட்டம் டிப்ஸ் ஊழியரின் ஊதியத்தைப் பொது ஊதியத்திலிருந்து அறுத்துவிட்டு, 2.13 என்ற எண்ணிலேயே ஆணி அடித்து நிறுத்தியது. பாதி என்ற விகிதம் போய்விட்டது. பொது ஊதியம் 5.15 ஆனபோதும் 7.25 ஆனபோதும் இவர்களுக்கு அதே 2.13 தான். அன்று முதலாளி சுமந்தது பாதிச் சுமை. இன்று பத்தில் மூன்று பங்குகூட இல்லை. விலைவாசியைக் கணக்கில் எடுத்தால் 1991-இன் 2.13 டாலருக்கு வாங்க முடிந்ததில் பாதியைக்கூட இன்று வாங்க முடியாது. உயர்ந்துகொண்டே போன வித்தியாசத்தை யார் தலையில் ஏற்றினார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் 10 சதவீதமாக இருந்த வழக்கமான டிப்ஸ் பிறகு 15 ஆகி, இப்போது 20-ஐத் தொட்டு நிற்கிறது. சதவீதம் என்பதால் சாப்பாட்டு விலை ஏறும்போது டிப்ஸும் தானாக ஏறும். அப்படியிருந்தும் சதவீதமே ஏறியிருக்கிறது.

நாடு முழுவதும் ஒரே நிலை என்று சொல்ல முடியாது. டெக்சாஸ், ஜார்ஜியா, வட கரோலினா போன்றவை 2.13-இலேயே நிற்கின்றன. பல மாநிலங்கள் அதற்கு மேல் ஏதோ ஒரு தொகையை நிர்ணயித்திருக்கின்றன. கலிபோர்னியா, ஆரிகன், வாஷிங்டன், நெவாடா, அலாஸ்கா, மொன்டானா, மினசோட்டா ஆகிய ஏழு மாநிலங்கள் டிப்ஸ் கழிவையே ஏற்பதில்லை. அங்கே பரிமாறுபவருக்கும் முழுக் குறைந்தபட்ச ஊதியம் கொடுத்தாக வேண்டும். கலிபோர்னியாவில் 2025-இல் அது மணிக்கு 16.50 டாலர். டிப்ஸ் அதற்கு மேல்.

அப்படியென்றால் கலிபோர்னியாவில் குறைவாக டிப்ஸ் வைத்தால் போதுமா? தர்க்கம் அப்படித்தான் சொல்கிறது. வழக்கம் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அங்குள்ள சான் பிரான்சிஸ்கோவிலும் டெக்சாஸின் டல்லஸிலும் எதிர்பார்ப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: 18 முதல் 20 சதவீதம். வாடகையும் விலைவாசியும் கலிபோர்னியாவில் அதிகம் என்பது ஒரு சமாதானம். எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. ஊதியச் சட்டத்தில் பிறந்த வழக்கம், சட்டம் மாறிய இடத்திலும் அப்படியே நீடிக்கிறது என்பதுதான் நிலைமை.

இனி மேசைக்கு வருவோம். உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில், ஆள் வந்து பரிமாறினால், 18 முதல் 20 சதவீதம். 15 என்பது குறைந்தபட்சம். அதற்குக் கீழே போனால் ஏதோ குறை சொல்கிறீர்கள் என்று பொருள். வரிக்கு முந்தைய தொகையில் கணக்கிட்டால் போதும். பில்லில் அந்தத் தொகை தனியாக இருக்கும். தள்ளுபடிக் கூப்பன் கொடுத்துச் சாப்பிட்டாலோ, உணவகம் ஏதாவது ஒரு பண்டத்தை இலவசமாகத் தந்தாலோ, தள்ளுபடி இல்லாத முழு விலைக்கே கணக்கிட வேண்டும். தட்டு தூக்கியவருக்கு வேலை ஒன்றும் குறையவில்லையே. நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் பஃபே என்றால் 10 சதவீதம் அளவில் போதும். பார்சல் வாங்கிக்கொண்டு போனால் கட்டாயம் என்று ஒன்றும் இல்லை, வைத்தால் மகிழ்ச்சி. பாரில் ஒரு கிண்ணத்துக்கு ஒரு டாலராவது வைப்பது வழக்கம்.

சேவை மோசமாக இருந்தால்? பூஜ்யம் எழுதிவிட்டு எழுந்து போவதுதான் சரியான தண்டனை என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பூஜ்யம் எங்கே போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும். பரிமாறுபவர் தன் டிப்ஸை முழுதாக வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. மேசை துடைப்பவர், பார்டெண்டர், வாசலில் வரவேற்று இடம் காட்டுபவர், சமையலறையிலிருந்து தட்டு கொண்டுவருபவர் என்று ஒரு வரிசை இருக்கிறது. ஷிப்ட் முடிவில் அவர்களுக்கெல்லாம் பங்கு பிரித்துக் கொடுப்பதை டிப் அவுட் என்கிறார்கள். பல இடங்களில் அந்தப் பங்கு கிடைத்த டிப்ஸின் அளவைப் பார்ப்பதில்லை. அவர் செய்த விற்பனையில் இத்தனை சதவீதம் என்று கணக்கிடுகிறார்கள். விற்பனையில் 4 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 200 டாலருக்குச் சாப்பிட்டுவிட்டு ஒன்றுமே வைக்காமல் போனால், உங்கள் மேசைக்காக அவர் 8 டாலரை மற்ற மேசைகளில் சம்பாதித்ததிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். உங்களுக்குப் பரிமாறியதற்கு அவரே காசு கட்டியதாக ஆகும். சமையல்காரர் தாமதித்ததற்கும் உப்பு கூடியதற்கும் சேர்த்து இந்தத் தண்டனை. மேலாளரைக் கூப்பிட்டு வாயால் சொல்வதே மேல். டிப்ஸைக் குறைத்தாலும் 10 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தண்டனை, பரிசு என்ற இந்தப் பேச்சுக்கே அடிப்படை பலவீனமானது. நல்ல சேவைக்கு நல்ல டிப்ஸ் என்பதுதான் இந்த ஏற்பாட்டுக்குச் சொல்லப்படும் முதல் நியாயம். கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் லின் டிப்ஸை ஆராய்வதிலேயே பல ஆண்டுகளைச் செலவிட்டவர். சேவையின் தரத்துக்கும் டிப்ஸ் அளவுக்கும் தொடர்பு இருக்கிறது, ஆனால் மிக மெல்லியது என்று அவருடைய ஆய்வுகள் காட்டின. டிப்ஸ் சதவீதத்தில் தெரியும் ஏற்றத்தாழ்வில் சேவைத் தரத்தால் விளக்கக்கூடியது சில சதவீதத்துக்கு மேல் போகவில்லை. பெரும்பாலானவர்கள் சேவை எப்படி இருந்தாலும் தங்கள் வழக்கமான சதவீதத்தையே எழுதுகிறார்கள்.

எது டிப்ஸைக் கூட்டுகிறது தெரியுமா? மேசைக்கு அருகே குனிந்து கண்ணுக்கு நேராகப் பேசுவது. தோளிலோ உள்ளங்கையிலோ ஒரு கணம் தொடுவது. பில்லோடு மிட்டாய் வைப்பது. பில்லின் பின்புறம் சிரித்த முகம் வரைவது. 1996-இல் வெளியான ஒரு ஆய்வில் அந்த முகம் பெண்களுக்கு டிப்ஸைக் கூட்டியது, அதையே வரைந்த ஆண்களுக்குக் கூட்டவில்லை. கசப்பான கண்டுபிடிப்பும் உண்டு. ஒரே உணவகத்தில் கறுப்பினப் பரிமாறுபவர்களுக்கு வெள்ளையரைவிடக் குறைவான டிப்ஸ் விழுவதை லின்னும் மற்றவர்களும் எழுதியிருக்கிறார்கள். நிறத்தைப் பார்த்துச் சம்பளத்தைக் குறைக்கும் முதலாளியை நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். சம்பளத்தைத் தீர்மானிக்கும் வேலையை நூறு வாடிக்கையாளர்களிடம் பிரித்துக் கொடுத்துவிட்டால் யாரை இழுப்பது? அத்துமீறிப் பேசும் வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்து வைக்க வேண்டிய நிலையும் இங்கிருந்தே வருகிறது.

குறையும் ஊதியத்தை முதலாளி ஈடுகட்டியாக வேண்டும் என்ற விதி நடைமுறையில் எப்படி இருக்கிறது? ஒரு வாரத்தின் மொத்தக் கணக்கைப் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை இரவின் கூட்டம் செவ்வாய்க்கிழமை மதியத்தின் வெறுமையை மறைத்துவிடும். அப்படியும் குறைந்தால் ஊழியர் போய்க் கேட்க வேண்டும். கேட்பவருக்கு அடுத்த வாரம் நல்ல ஷிப்ட் கிடைக்குமா என்பது வேறு கவலை. கூட்டரசின் தொழிலாளர் துறை 2010 முதல் 2012 வரை ஏறத்தாழ 9,000 உணவகங்களை விசாரித்தபோது, பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவற்றில் ஏதோ ஒரு ஊதிய விதிமீறல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி எடுத்த உணவகங்கள் அல்ல அவை என்பதையும் சொல்ல வேண்டும். புகார் வந்த இடங்களும் சந்தேகத்துக்குரிய இடங்களும் அதில் அதிகம் இருந்திருக்கும். இருந்தாலும் விதி எவ்வளவு தளர்வாகக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதற்கு அது ஒரு சாட்சி.

2018-இல் ஒரு நல்ல திருத்தம் வந்தது. முதலாளியோ மேலாளரோ மேற்பார்வையாளரோ ஊழியரின் டிப்ஸில் கை வைக்கக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்லிவிட்டது. டிப்ஸ் கழிவைப் பயன்படுத்தாமல் முழுக் குறைந்தபட்ச ஊதியம் கொடுக்கும் உணவகங்கள், டிப்ஸைச் சமையல்காரர்களோடும் பாத்திரம் கழுவுபவர்களோடும் பங்கிட வைக்கலாம் என்றும் வழிவிட்டது. உள்ளே அடுப்படியில் வேகும் ஆள், வெளியே தட்டு கொண்டுபோகும் ஆளைவிடக் குறைவாகச் சம்பாதிப்பது அந்தத் தொழிலின் பழைய புண். கடன் அட்டை விஷயத்தில் மட்டும் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. அட்டை நிறுவனம் பிடிக்கும் கட்டணத்தில் டிப்ஸுக்கு உரிய பங்கை ஊழியரிடமிருந்தே பிடித்துக்கொள்ளக் கூட்டரசுச் சட்டம் முதலாளியை அனுமதிக்கிறது. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் அனுமதிப்பதில்லை. டிப்ஸை மட்டுமாவது ரொக்கமாக வைக்கலாமே என்று சிலர் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

அண்மைக்கால எரிச்சலுக்குக் காரணம் வேறு. காபி வாங்கினாலும், ரொட்டி வாங்கினாலும், கல்லாவில் நிற்பவர் ஒரு திரையை நம் பக்கம் திருப்புகிறார். 18, 20, 25 என்று மூன்று கட்டங்கள்; ‘வேண்டாம்’ என்பது மூலையில் சின்னதாக. பின்னால் வரிசை நிற்கிறது, எதிரே அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட அதிக இடங்களில் டிப்ஸ் எதிர்பார்க்கப்படுகிறது என்று பியூ ஆய்வு மையத்தின் 2023 கருத்துக்கணிப்பில் 72 சதவீத அமெரிக்கர்கள் சொன்னார்கள். இங்கே 2.13-ஐ நினைவில் வைத்துக்கொள்வது உதவும். கல்லாவில் நிற்பவர் பெரும்பாலும் முழுக் குறைந்தபட்ச ஊதியம் வாங்குபவர். அவருடைய சம்பளம் நம் கட்டத்தை நம்பி இல்லை. மனம் இருந்தால் கொடுக்கலாம். கொடுக்காததற்காகக் கூச வேண்டியதில்லை. மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கொடுக்காமல் போவது வேறு கதை.

திரையைவிட அதிகம் குழப்புவது சேவைக் கட்டணம். ஆறு பேரோ எட்டுப் பேரோ சேர்ந்து போனால் பில்லில் 18 சதவீதம் தானாகவே ஏறியிருக்கும். அது டிப்ஸ் போலத் தோன்றும், டிப்ஸ் ஆகாது. எது டிப்ஸ் என்பதற்கு அமெரிக்க வருமான வரித்துறை 2012-இல் தெளிவான அளவுகோல் தந்தது. கட்டாயம் இல்லாமல் கொடுக்க வேண்டும், தொகையை வாடிக்கையாளரே முடிவுசெய்ய வேண்டும், உணவகத்தின் விதி அதை நிர்ணயிக்கக் கூடாது, யாருக்குப் போக வேண்டும் என்பதும் பொதுவாக வாடிக்கையாளர் கையில் இருக்க வேண்டும். தானாக ஏறிய கட்டணம் இந்தச் சோதனையில் தேறாது. சட்டப்படி அது உணவகத்தின் வருமானம். பரிமாறியவருக்கு அதில் எவ்வளவு போகும் என்பதை உணவகமே தீர்மானிக்கும். கீழே இருக்கும் டிப் கோட்டைப் பார்த்து இன்னொரு 20 சதவீதம் எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

இவ்வளவையும் படித்துவிட்டு ஒருவர் கேட்கலாம்: விலையிலேயே எல்லாவற்றையும் சேர்த்து, ஊழியருக்கு நல்ல சம்பளம் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? செய்து பார்த்திருக்கிறார்கள். நியூயார்க்கின் புகழ்பெற்ற உணவகத் தொழிலதிபர் டேனி மேயர் 2015-இல் தன் உணவகங்களில் டிப்ஸை ஒழிக்கப்போவதாக அறிவித்தார். விலைகள் உயர்த்தப்பட்டன, சமையலறை ஊழியர்களின் ஊதியம் கூடியது. நாடே வேடிக்கை பார்த்தது. 2020 ஜூலையில் அவரே டிப்ஸைத் திரும்பக் கொண்டுவந்தார். இடையில் அனுபவம் மிக்க பரிமாறுபவர்கள் பலர் டிப்ஸ் கிடைக்கும் வேறு உணவகங்களுக்குப் போய்விட்டிருந்தார்கள். வாடிக்கையாளரிடமும் ஒரு விசித்திரம் உண்டு. 25 டாலர் பண்டத்துக்கு 5 டாலர் டிப்ஸ் வைப்பவர், அதே பண்டம் 30 டாலர் என்று பட்டியலில் அச்சடித்திருந்தால் விலை அதிகம் என்று முணுமுணுப்பார். தனி ஒரு முதலாளி நல்லவராக இருந்து இதை மாற்ற முடியாது. பக்கத்துக் கடைக்காரர் டிப்ஸ் கழிவோடு மலிவு விலை காட்டிக்கொண்டிருப்பார்.

பரிமாறுபவர்களே மாற்றத்தை எதிர்ப்பார்கள் என்பதை நான் முதலில் நம்பவில்லை. மெய்ன் மாநிலத்தில் 2016-இல் மக்கள் வாக்களித்து, டிப்ஸ் ஊழியரின் ஊதியத்தைப் படிப்படியாகப் பொது ஊதியத்தோடு இணைக்கச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம் அதை ரத்து செய்தது. வேண்டாம் என்று முறையிட்டவர்களில் பரிமாறும் ஊழியர்களே பலர். 2024-இல் மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் இதே போன்ற யோசனையைப் பெரும்பான்மையாக நிராகரித்தார்கள். பெருநகரத்தின் நல்ல உணவகத்தில் சனிக்கிழமை இரவு சில நூறு டாலர்களோடு வீடு திரும்புபவர், எந்த முதலாளியும் தனக்கு அந்தச் சம்பளம் தரப்போவதில்லை என்று அறிந்தே பேசுகிறார். ஆனால் அவர் எல்லோருக்கும் பிரதிநிதி அல்ல. டிப்ஸையும் சேர்த்து, பரிமாறுபவரின் இடைநிலை ஊதியம் 2024-இல் மணிக்குச் சுமார் 16 டாலர் என்கிறது அரசுப் புள்ளிவிவரம். அதாவது அவர்களில் பாதிப் பேர் அதற்கும் குறைவாகச் சம்பாதிப்பவர்கள். நெடுஞ்சாலை ஓரத்து உணவகத்தில் காலை நேரத்தில் காபி ஊற்றுபவர் பொதுக்கூட்டங்களுக்கு வந்து பேசுவது அரிது.

2025 ஜூலையில் கையெழுத்தான வரிச் சட்டம் டிப்ஸுக்கு ஒரு சலுகை தந்திருக்கிறது. 2025 முதல் 2028 வரை, ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸை வருமான வரிக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். சமூகப் பாதுகாப்பு வரியும் மருத்துவக் காப்பீட்டு வரியும் முன்போலவே உண்டு. வருமானம் குறைவு என்பதால் ஏற்கெனவே வருமான வரி கட்டாதவருக்கு இதனால் ஒரு சென்ட்கூட மிச்சமில்லை. தானாக ஏறும் சேவைக் கட்டணத்துக்கும் சலுகை கிடையாது. 2.13 அப்படியே இருக்கிறது. அரசு விட்டுக்கொடுத்தது தன் வரியை; முதலாளியின் பங்கை அது தொடவில்லை.

தலைநகர் வாஷிங்டனில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. 2018 ஜூனில் மக்கள் வாக்களித்து டிப்ஸ் கழிவை ஒழிக்கச் சொன்னார்கள். அக்டோபரில் மாநகர மன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. 2022 நவம்பரில் மக்கள் மீண்டும் வாக்களித்தார்கள். நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானோர் ஆதரவு. ஊதியம் படிப்படியாக 10 டாலர் வரை ஏறியது. 2025-இல் மன்றம் மறுபடியும் தலையிட்டு, முழு ஊதியம் என்ற இலக்கைக் கைவிட்டு, 2034-க்குள் பொது ஊதியத்தில் 75 சதவீதம் என்று மாற்றியது. நடுவில் அந்த நகரத்து உணவகங்கள் பல, ஏறிய செலவைக் காரணம் காட்டி 20 சதவீதம் வரை சேவைக் கட்டணம் போடத் தொடங்கின. ஓரிடத்தில் அது முழுதும் ஊழியருக்குப் போகும், இன்னோரிடத்தில் பாதிகூடப் போகாது. விளக்கம் பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அங்கே சாப்பிட நேர்ந்தால், பேனாவை எடுக்கும் முன் பரிமாறியவரிடமே கேட்டுவிடுங்கள்: இந்தக் கட்டணம் உங்களுக்கு வருகிறதா? அதில் நாகரிகக் குறைவு ஒன்றும் இல்லை. அன்று மாலை அந்தக் கேள்வி பத்துத் தடவையாவது அவர் காதில் விழுந்திருக்கும்.